நான்காக மடித்த சீட்டுகள்

பிப்ரவரி 3

தம்பிக்கு,

இங்கே நலம். அப்பாவை அடக்கம் செய்த பிறகு நான் உனக்கு எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டும் வீட்டுப் பத்திரம் பற்றியவை. இதுவும் ஒரு காகிதம் பற்றியதுதான்.

ஆலயங்களுக்கு ஒரு படிவம் வரும். ஒருவேளை இதற்குள் வந்திருக்கும். ஆராதனையில் ஏறெடுக்கும் விண்ணப்பங்களை வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் எழுதி மாவட்ட அலுவலகத்தில் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கும். மாதத்துக்கு ஒரு வெள்ளி.

வாசல் பக்கம் அப்பா வைத்த மரப்பெட்டி இன்னும் அங்கேதான் இருக்கும். ஜனங்கள் இன்னும் அதில் சீட்டு எழுதிப் போடுவார்கள். இரண்டாக மடித்தது எல்லார் முன்னாலும் வாசிப்பதற்கு. நான்காக மடித்தது போதகர் மட்டும் தனியாக வாசித்து ஜெபிப்பதற்கு. அந்த வழக்கத்தை நீ மாற்றியிருக்க மாட்டாய். நீ எதையும் மாற்றுகிறவன் இல்லை.

அந்தப் படிவத்தை நிரப்பாதே. உடம்பு சரியில்லை என்று சொல், பெட்டியைக் கரையான் அரித்துவிட்டது என்று சொல், என்னவாவது சொல். காரணம் கேட்காதே. ஒரு தடவை அக்கா சொன்னதைக் கேட்டதாக இருக்கட்டும்.

உன் மனைவியை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் இருவரும் சுகமாயிருக்கிறோம். உன் கடிதத்தை என் வீட்டுக்காரியும் வாசித்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உங்க அக்கா எழுதுறது நாலு வரி. அந்த நாலு வரிக்கு நாலு நாள் நீங்க வீட்டையே சுத்திச் சுத்தி வர்றீங்க."

படிவம் வந்துவிட்டது. நீ காரணம் சொல்லாமல் ஓர் அரசு உத்தரவை மீறச் சொல்கிறாய், அதுவும் அமைச்சகத்தில் உட்கார்ந்துகொண்டு. எல்லா அதிகாரமும் தேவனால் வந்தது என்று அப்போஸ்தலர் எழுதினார். நல்ல அதிகாரம் மட்டும் என்று எழுதவில்லை. அவர் அதை எழுதியபோது ரோமச் சிம்மாசனத்தில் எவன் இருந்தான் என்று என்னைவிட உனக்குத் தெரியும், நீ சரித்திரம் படித்தவள். நாம் ஜெபிப்பதில் ஒளிக்க என்ன இருக்கிறது? கால்வலி, கடன், மருமகள் சண்டை. அலுவலகத்தில் யாராவது வாசித்து நமக்காக ஒரு நிமிஷம் இரக்கப்பட்டால் லாபம்தானே.

இங்கே இன்னொரு கவலை. நம் ஆலயத்து ஆர்கன்காரரை உனக்கு நினைவிருக்கும், குடிநீர் வாரியத்து ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவர். தண்ணீரில் ஈயம் கலந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்தச் சோதனை முடிவுகளைத் தெருக்குழாய்களில் எல்லாம் ஒட்டிவிட்டார். இப்போது மூன்று வாரமாக ஆளைக் காணோம். போலீஸார் தேடுகிறார்கள். மனு கொடுத்திருக்கலாமே என்று நான் அவரிடம் முன்பே சொன்னேன். மூன்று கொடுத்தாயிற்று என்றார். நான்காவதும் கொடுங்கள் என்றேன். "ஐயா, நாலாவது மனு மேல போய்ச் சேர்றதுக்குள்ள எத்தன புள்ளைங்க அந்தத் தண்ணியக் குடிக்கும்?" என்று கேட்டார். ஆனாலும் கலகம் கலகம்தான்.

அவர் மனைவி, துணி தைக்கிற தையலம்மா, வாரம் தவறாமல் வருகிறார். இரண்டாம் வரிசையில் தனியாக உட்காருகிறார். கடைசி வரிசையில் புதிதாக ஒருவர் வருகிறார். நல்ல கனத்த குரல். பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலே நான்கு சரணமும் பாடுகிறார். இப்படிப் புதிய ஆத்துமாக்களும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

நீ ஒருமுறை வந்து போ. ஆலயத்துக்கு வர வேண்டாம், வீட்டுக்கு வா.

உன் தம்பி


பிப்ரவரி 19

தம்பிக்கு,

இதைக் கொண்டுவருகிறவர் உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குச் செவ்வாயும் வெள்ளியும் மருந்து இறக்கும் வேன்காரர். பதிலை அவரிடமே கொடு. தபாலில் போடாதே. உன் கடிதம் எனக்கு வர எட்டு நாள் ஆயிற்று. நீ உறை ஒட்டினால் பசை நாலு பக்கமும் வழிந்திருக்கும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இது வெகு சுத்தமாக ஒட்டியிருந்தது.

பாட்டுப் புத்தகம் பார்க்காமல் பாடுகிறவரைப் பற்றி: நாற்பது வருஷம் போதகராக இருந்த அப்பாவே மூன்றாம் சரணத்தில் உளறுவார். அந்த ஆள் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறார்.

சிம்மாசனத்தில் இருந்தவன் யார் என்று எனக்குத் தெரியும். அந்த அப்போஸ்தலரை அவன் கடைசியில் என்ன செய்தான் என்றும் தெரியும். உன் பிரசங்கங்கள் அந்த இடத்துக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும் போலிருக்கிறது.

காரணம் கேட்டாய். பாதி சொல்கிறேன். அந்தப் படிவங்களை இரக்கப்படுவதற்கு யாரும் வாசிப்பதில்லை. மாவட்ட அலுவலகத்தில் ஒரு பிரதி, இன்னொன்று பாதுகாப்புப் பிரிவுக்கு. அங்கே இருப்பவர்களுக்கு இடத்தின் பெயரும் ஆளின் பெயரும்தான் வேண்டும், வியாதியின் பெயர் அல்ல. நிரப்பித்தான் ஆக வேண்டுமென்றால் பொத்தாம்பொதுவாக நிரப்பு. சுகவீனம் ஐந்து, குடும்ப சமாதானம் மூன்று, பரீட்சை நான்கு. அவ்வளவு போதும். நான்காக மடித்த சீட்டுகளைத் தொடவே தொடாதே. அப்படி ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளாதே.

இதை அடுத்த வெள்ளிக்குள் நீ வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஜெபிக்கிறேன் என்று எழுத வந்தது. பழக்கதோஷம்.

அக்கா


மார்ச் 1

அக்கா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. படிவத்தை அதற்கு முந்தின வெள்ளியே கொடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை பிடித்துவிட்டார்கள். ஆர்கன்காரரை. ஊருக்கு வெளியே செங்கல் சூளையில், வேலையாட்கள் தங்கும் கொட்டகையில் இருந்திருக்கிறார். நேராக அங்கே போயிருக்கிறார்கள். யாரையும் விசாரிக்கவில்லை, வேறு எங்கும் தேடவில்லை.

தையலம்மா ஒரு சீட்டுப் போட்டிருந்தார். நான்காக மடித்தது. கணவருக்கு மூச்சு இளைக்கிறது, சூளைப் புகை ஒத்துக்கொள்ளவில்லை, கர்த்தர் அவர் மார்பைத் தொட வேண்டும் என்று எழுதியிருந்தார். அப்பா பழக்கியது அப்படித்தானே. கர்த்தரிடம் மழுப்பாதே, எது வேண்டுமோ அதைச் சொல், எங்கே வலிக்கிறதோ அங்கே கை வைத்துக் காட்டு என்பார். அந்த அம்மாவும் கை வைத்துக் காட்டிவிட்டார்.

நாற்பத்தொரு சீட்டு. கார்பன் வைத்து மூன்று பிரதி. வியாழன் மத்தியானம் உட்கார்ந்தவன் வெள்ளி பதினொரு மணிக்குத்தான் முடித்தேன். கை மரத்துவிட்டது. வாசிக்கப்படாதவையும் வேண்டும், எதையும் சுருக்கக் கூடாது என்று படிவத்திலேயே இருந்தது. எழுதியவர் எழுதியதைப் போதகர் திருத்தக் கூடாது என்பது நம் சபையில் அப்பா காலத்து விதி. இரண்டும் ஒன்றையே சொல்லும்போது எனக்குச் சந்தேகம் வரவில்லை. எழுத்தைப் பார்த்து எழுத்தை எழுதினேன். வார்த்தையைப் பார்க்கவில்லை அக்கா. பார்க்கவேயில்லை.

தையலம்மாவுக்கு இன்னும் தெரியாது. வீட்டுக்கு வந்து, "யாரோ சூளைக்காரங்கதான் சொல்லிட்டாங்க ஐயா, அவங்களையும் மன்னிக்கச் சொல்லி ஜெபிங்க" என்றார்.

ஜெபித்தேன்.

தம்பி


மார்ச் 6

தம்பிக்கு,

உன் கடிதத்தை மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டு ஒரு முழு நாள் வேலை பார்த்தேன். என்னால் அது முடிகிறது என்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

மீதிப் பாதியைச் சொல்ல வேண்டும். என் வேலை என்ன என்று நீ எப்போதும் சரியாகக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அமைச்சகம் தீர்மானிப்பதை ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கொடுப்பது என் வேலை. உத்தரவுகள், விதிகள், படிவங்கள். இருபத்திரண்டு வருஷமாக. என் வாக்கியங்கள் சிக்கலில்லாமல் இருக்கும் என்று பெயர்.

போன ஆண்டு இந்தப் படிவத்தின் வரைவு வந்தபோது அதில் 'ஆராதனையில் வாசிக்கப்படும் விண்ணப்பங்கள்' என்று மட்டும்தான் இருந்தது. பிரிவுத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். "மேடம், நீங்க போதகர் குடும்பத்துலேர்ந்து வந்தவங்கதானே. வாய்விட்டுச் சொல்லாத ஜெபம்னு ஒண்ணு உண்டா இவங்ககிட்ட?" என்று கேட்டார். சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறவர் மாதிரிதான் கேட்டார். கையில் டீ இருந்தது.

உண்டு என்றேன்.

பெட்டியைப் பற்றிச் சொன்னேன். மடிப்பைப் பற்றியும் சொன்னேன். கொஞ்சம் வேடிக்கையாகவே சொன்னேன், அவர் சிரித்தார். அதன் பிறகு அந்த வரியை எழுதினேன்: 'வாசிக்கப்படுபவை, வாசிக்கப்படாதவை அனைத்தும். வாசகத்தைச் சுருக்கவோ மாற்றவோ கூடாது.' நீ கை மரக்க மரக்கக் கீழ்ப்படிந்த வாக்கியம் உன் அக்கா எழுதியது.

எதற்கென்று எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். அது உண்மையாகாது. எதற்கென்று நான் கேட்கவில்லை. பிப்ரவரியில் உனக்கு எழுதியபோது காரணம் கேட்காதே என்றேனே, அது உன்னைக் காப்பாற்ற அல்ல.

தையலம்மாவிடம் நீ சொல்லாதே. நான் சொல்வதற்கு வழி இருக்கிறதா என்று யோசிக்கிறேன்.

அக்கா


மார்ச் 13

அக்காவுக்கு,

உன் கடிதத்தை என் வீட்டுக்காரிக்குக் காட்டவில்லை. கோபப்பட முயன்றேன். இரண்டு நாள் பட்டேன். அதற்கு மேல் ஓடவில்லை, ஏனென்றால் நான் உனக்கு எழுதியது பொய்.

வார்த்தையைப் பார்க்கவில்லை என்று எழுதினேன். பார்த்தேன். இருபத்தாறாம் சீட்டு. 'சூளை' என்ற இடத்தில் பேனா நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, முனை அழுந்தி மூன்று பிரதியிலும் புள்ளி விழுந்திருக்கிறது. அந்த நேரத்தில் நான் நினைத்தது அவரைப் பற்றி அல்ல. நாற்பத்தொரு சீட்டில் ஒன்றை விட்டால் நாற்பத்தொன்று என்று கையெழுத்திட முடியாது, பொய்க்கையெழுத்து ஆகிவிடும் என்று நினைத்தேன். பொய் சொல்லாத போதகர் என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. அது எனக்கு வேண்டியிருந்தது. கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிக்கொண்டு மேலே எழுதினேன். என் வேலையைக் கர்த்தர் தலையில் கட்டினேன்.

புதன்கிழமை தையலம்மாவுக்கு ஒரு பொட்டலம் வந்தது. கணவர் போட்டிருந்த சட்டையைத் துவைத்து மடித்து அனுப்பியிருந்தார்கள். கடிதம் இல்லை, ஆள் எப்படி இருக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. அதை இங்கே எடுத்து வந்து சாப்பாட்டு மேஜையில் விரித்தார். சட்டையின் இடது கை தோளோடு பிய்ந்து மறுபடி தைக்கப்பட்டிருந்தது. விரலால் அந்தத் தையலைத் தடவிக்கொண்டே, "இது நான் போட்ட தையல் இல்ல ஐயா" என்றார்.

அப்போது சொன்னேன். படிவம், சீட்டு, பேனா நின்றது, எல்லாம். உன்னைப் பற்றிச் சொல்லவில்லை, அது நீ சொல்ல வேண்டியது. அந்த அம்மா சட்டையை மடித்தார். பிறகு, "ஞாயித்துக்கிழமை அத எல்லாருக்கும் சொல்லுங்க. இன்னும் நாப்பது பேர் இருக்காங்கல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சொல்லப்போகிறேன். இந்த வெள்ளி படிவம் கொடுக்கப்போவதில்லை.

தம்பி


மார்ச் 17

தம்பிக்கு,

வேண்டாம்.

நான் சொல்வது விசித்திரமாக இருக்கும். நிரப்பாதே என்றவள் நான்தான். இப்போது நிரப்பு என்கிறேன். பிப்ரவரியில் நீ நிரப்பாமல் விட்டிருந்தால் சோம்பேறிப் போதகர் என்று ஒரு நினைவூட்டல் கடிதம் அனுப்பியிருப்பார்கள். இப்போது ஒருவரைப் பிடித்துக் கொடுத்த படிவம் அது. அதே ஆலயத்திலிருந்து அடுத்த மாதமே வராமல் போனால் அதற்கு வேறு பெயர். அந்தப் பெயருக்கு எத்தனை வருஷம் என்று எனக்குத் தெரியும்.

நிரப்பு, ஆனால் பொய்யாக நிரப்பு. முழங்கால் வலி, பல் வலி, மழை. இல்லாத சீட்டுகளை நீயே எழுதிப் பெட்டியில் போட்டுக்கொள். நீ மதிக்கிற வேதத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. ஆண்பிள்ளைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனிடம் இரண்டு மருத்துவச்சிகள் பொய் சொன்னார்கள், நாங்கள் போவதற்குள் பிரசவம் ஆகிவிடுகிறது என்று. தேவன் அவர்களைக் கோபித்துக்கொள்ளவில்லை. அவர்களுக்குக் குடும்பங்கள் தழைத்ததாக எழுதியிருக்கிறது. ஞாயிறு பள்ளியில் அந்தப் பாடத்துக்கு எனக்குப் பரிசுகூடக் கிடைத்தது. நீதான் அன்றைக்கு என் மேல் பொறாமைப்பட்டு அழுதாய்.

பீடத்திலிருந்து எதையும் சொல்லாதே. கடைசி வரிசையில் ஒருவர் இருக்கிறார் என்பதை மறக்காதே.

தையலம்மாவுக்கு நான் எழுதிய கடிதம் இத்துடன் இருக்கிறது. ஒட்டியிருக்கிறேன். வாசிக்காமல் கொடு.

அக்கா


மார்ச் 24

அக்காவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. எல்லாவற்றையும் தாமதமாகத்தான் கேட்கிறேன் என்று நினைக்காதே. இந்தத் தடவை வாசித்த பிறகுதான் மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன்.

எனக்குப் பொய் வரவில்லை அக்கா. உனக்குத் தெரியாததா? சர்க்கரை டப்பாவைக் காலி செய்துவிட்டு, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே அப்பாவிடம் போய் நான்தான் என்று நின்றவன். அந்த மருத்துவச்சிகளை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் கெட்டிக்காரிகள். நான் அப்படி இல்லை. வெறும் படிவத்தை எடுத்து நடுவில் ஒரே வரி எழுதினேன்: 'சீட்டுகள் வந்தன. எழுதித் தரமாட்டேன்.' கையெழுத்து, தேதி. வாங்கிய குமாஸ்தா இரண்டு தடவை வாசித்தார். "ஐயா, வீட்டுக்குப் போய் நல்லா யோசிச்சு வேற தாள்ல எழுதிட்டு வாங்க" என்றார். நல்ல மனிதர். அவர் பிள்ளைகளும் அந்தக் குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள். யோசித்துத்தான் எழுதினேன் என்றேன். முத்திரையைக் கீழே வைத்து, மறுபடி எடுத்துத்தான் குத்தினார்.

ஞாயிறு சொன்னேன். பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னேன். இனி யாரும் எழுதிப் போடாதீர்கள், வந்து என் காதில் சொல்லுங்கள் என்றேன். யாரும் எழுந்து போகவில்லை. யாரும் என்னைப் பார்க்கவுமில்லை. ஆராதனை முடிந்து கைகுலுக்க நின்றபோது பாதிப் பேர் பக்கவாசல் வழியாகப் போய்விட்டார்கள். சபை மூப்பர் ஒருவர் மட்டும் வந்து, "உங்கப்பா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து முடிக்காமலே போனார். எந்தப் பக்கம் முடித்திருப்பார் என்று தெரியவில்லை.

கடைசி வரிசைக்காரர் கை குலுக்கினார். "ஆர்கன் வாசிக்க ஆள் இல்லாம சபை கஷ்டப்படுதே, எனக்குக் கொஞ்சம் வரும்" என்றார். நான் பதில் சொல்வதற்குள் போய் உட்கார்ந்து வாசித்தார். நன்றாகவே வாசித்தார். என் வீட்டுக்காரி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

கீழ்ப்படிதலைப் பற்றி முப்பது வருஷம் பேசியிருக்கிறேன். அதில் எதையும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. கூப்பிட்டால் போவேன், உட்காரச் சொன்னால் உட்காருவேன், பூட்டினால் உள்ளே இருப்பேன். அந்த அப்போஸ்தலரும் தன் தலையைக் கொடுத்தார். அடுத்தவன் தலையை எழுதிக் கொடுக்கவில்லை. இந்த வித்தியாசம் புரிய எனக்கு ஒரு சட்டை தேவைப்பட்டது.

உன் கடிதத்தைத் தையலம்மாவிடம் கொடுத்தேன். அங்கேயே நின்று வாசித்தார். பதில் உண்டா என்று கேட்டேன். "இப்ப இல்ல" என்றார்.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

உன் தாள் என் மேஜைக்கு வந்துவிட்டது.

மாவட்ட அலுவலகத்துக்கு அதை எந்த விதியின் கீழ் வைப்பது என்று தெரியவில்லையாம், விளக்கம் கேட்டு மேலே அனுப்பியிருக்கிறார்கள். பிரிவுத் தலைவர் தானே எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். "உங்க ஊர்ப் பக்கம்தானே மேடம்? நீங்களே ஒரு குறிப்பு எழுதிடுங்க. இது மறுப்பா, விடுபாடா?" என்றார். உன் கையெழுத்துக்குக் கீழே என் குடும்பப் பெயர் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை என்று நான் நம்ப வேண்டும் என்று அவர் விரும்புவது போலிருந்தது.

மறுப்பு என்றால் ஏழு வருஷத்துக்குக் குறையாது. விடுபாடு என்றால் எச்சரிக்கையோடு முடியும். நான் எழுதினேன்: 'எழுதித் தரமாட்டேன் என்பது வாய்மொழியாகத் தர விரும்புவதைக் குறிக்கலாம். அளிப்பவர் கிராமப்புறப் போதகர், படிவங்களில் பழக்கமில்லாதவர். இதை விடுபாடாகக் கொள்வதே பொருத்தம்.' முப்பது வருஷம் படிவம் நிரப்பியவனைப் படிவம் தெரியாதவன் ஆக்கிவிட்டேன். கோபித்துக்கொள்.

உன்னைக் கூப்பிடுவார்கள். அச்சடித்த ஒரு வாக்குமூலம் நீட்டுவார்கள், கவனக்குறைவால் விடுபட்டது என்று இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போ. நீ ஒன்றும் பேச வேண்டாம். பொய் என்னுடையது, நான் ஏற்கெனவே சொல்லியாயிற்று. நீ அதன் கீழே பெயரை மட்டும் எழுது. அந்த அளவுக்காவது உனக்குப் பொய் வர வேண்டும்.

நீ மறுத்தால் என் குறிப்பு பொய் என்றாகும். அதை மனதில் வைத்துக்கொள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

அழைப்பாணை வந்தது. பதினாறாம் தேதி, காலை பத்து மணி. வாக்குமூலத்தின் மாதிரியையும் முன்கூட்டியே இணைத்து அனுப்பியிருக்கிறார்கள். வாசித்துப் பார்த்தேன். உன் நடை என்று இப்போது எனக்குத் தெரிகிறது, எங்குமே தடுக்கவில்லை.

கையெழுத்துப் போட முடிவு செய்திருந்தேன். இதை நீ நம்ப வேண்டும். பொய் சொல்லாத போதகர் என்ற பெயருக்காக ஒருவரைக் கொடுத்தாயிற்று, அதே பெயருக்காக அக்காவையும் கொடுக்க மாட்டேன் என்று என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள், "அப்பாடா, கடைசில உங்களுக்கும் புத்தி வந்துச்சு" என்று அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

தாளைத் திருப்பினேன். பின்பக்கம் ஒரு வரி இருக்கிறது. 'விடுபட்ட விவரங்களை அளிப்பவர் கையொப்பமிட்ட ஏழு நாட்களுக்குள் முழுமையாகத் தர வேண்டும்.'

கையெழுத்துப் போட்டால் நான் தராமல் விட்ட சீட்டு எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கக் கடமைப்பட்டவன் ஆகிறேன். போன மாதம் அந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியாது. ஆர்கன்காரரோடு குழாய்களில் ஒட்டப் போனவர்கள் மூன்று பேர். அவர்கள் வீட்டிலிருந்தும் சீட்டு வந்தது, நான் எழுதாதீர்கள் என்று சொல்வதற்கு முன்னால். இன்னொரு பெண் தன் மகனை எங்கே அனுப்பியிருக்கிறாள் என்று எழுதியிருக்கிறாள். எல்லாவற்றையும் எரித்துவிட்டேன். ஆனால் வாசித்துவிட்டேனே. எனக்கு மறக்காது, நீதான் சொல்வாய், இவன் தலை மறக்கத் தெரியாத தலை என்று. கேட்டால் எனக்குத் தெரியாது என்று சொல்லத் தெரியாதவன் நான்.

போட்டால் அவர்கள். போடாவிட்டால் நீ. நான் இதுவரை மேலே இருக்கிறவர்களிடம் உத்தரவு கேட்டே வாழ்ந்துவிட்டேன். இப்போது உன்னிடம் கேட்கிறேன். நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 12

தம்பிக்கு,

கையெழுத்துப் போடாதே.

அந்தப் பின்பக்க வரியும் என்னுடையதுதான். மூன்று வருஷத்துக்கு முன் வேறொரு துறைக்காக எழுதினேன், பயிர்க் கணக்கெடுப்பில் விடுபட்டவற்றுக்கு. விடுபாடு என்று எங்கே வந்தாலும் அந்த வரி தானாகப் பின்னால் ஒட்டிக்கொள்ளும்படி அப்போதே அமைத்தோம். சிக்கனமான ஏற்பாடு என்று பாராட்டினார்கள். உன்னைக் காப்பாற்ற அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. இத்தனை வருஷம் எழுதியதை நான் ஒருநாளும் அதற்குக் கீழ்ப்பட்டு வாசித்ததில்லை. நீதான் முதலில் வாசித்திருக்கிறாய்.

இன்று காலை பிரிவுத் தலைவரிடம் ஒரு தாள் கொடுத்தேன். 'ஏப்ரல் இரண்டாம் தேதி நான் எழுதிய குறிப்பு உண்மைக்கு மாறானது. அந்தத் தாள் தெளிவான மறுப்பு. அளிப்பவர் என் உடன்பிறந்த தம்பி, படிவங்களை நன்கு அறிந்தவர். அந்த ஆலயத்தின் வாசிக்கப்படாத சீட்டுகளைப் பற்றித் துறைக்குத் தெரிவித்தவள் நான். இனி அந்தப் படிவத்தில் ஒரு சொல்லும் எழுத மாட்டேன்.' அவர் வாசித்துவிட்டு, "எவ்வளவு தெளிவா எழுதுறீங்க மேடம்" என்றார். கதவை அவரே திறந்துவிட்டார். மத்தியானத்துக்குள் என் இழுப்பறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் அவர்கள் வழக்கம், ஒரு மூன்று நாளைக்கு.

இதனால் நீ தப்பமாட்டாய். ஆனால் பதினாறாம் தேதி உன் முன்னால் அந்த வாக்குமூலம் இருக்காது. மறுப்பு என்ற ஒன்றே ஒன்றுதான் இருக்கும், உனக்கு வருகிற மாதிரி. மறுத்தவரிடம் விவரம் கேட்க எந்த விதியும் இல்லை, அதை நான் நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டேன். விதி இல்லாமலும் கேட்பார்கள் என்பதை எழுதாமல் விட மனமில்லை. அப்போது தெரியாது என்று சொல்ல வேண்டாம். சொல்ல மாட்டேன் என்று சொல், அது உண்மை.

உன் தேவனை நான் நம்பத் தொடங்கிவிட்டேன் என்று உன் மனைவியிடம் சொல்லிவிடாதே. அப்படி எதுவும் நடக்கவில்லை.

பதினைந்தாம் தேதி மத்தியான பஸ்ஸில் வருகிறேன், அதுவரை விட்டுவைத்தால். முதலில் தையலம்மா வீட்டுக்குப் போவேன், பிறகு உன் வீட்டுக்கு. மறுநாள் காலை உன்னோடு அந்த அலுவலகத்துக்கு நானும் வருவேன். உள்ளே தரை ஈரமாக இருக்கும், குளிர் காலிலிருந்துதான் ஏறும் என்று அங்கே இருந்து வந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வாங்கினேன். கடையில் ஆண்கள் அளவுதான் இருந்தது. எனக்குத் தொளதொளவென்று இருக்கும், பரவாயில்லை.

அக்கா